வெற்றி எவ்வூர்க் கணக்கில்?

புறநானூற்றின் 80 ஆம் பாட்டு முதல் 85 ஆம் பாட்டு வரை உள்ள ஆறு பாட்டுகளும் ஒரே வீரனைப் பற்றியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்பது அவன் பெயர். முதல் மூன்று பாட்டுகளைச் சாத்தந்தையாரும், பின் மூன்று பாட்டுகளைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர். ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்திய கிள்ளியின் ஆற்றலை 80 ஆம் பாட்டு விரித்துரைக்கின்றது. நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டுவது 85 ஆம் பாட்டில் வரும் ஒரு வழக்கு. கிள்ளி அவ்வூரில் பிறந்தவன் அல்லன். அந்நாடும் அவனுக்கு உரியதன்று. ஆதலின் அவன் வென்றான் என்பதை ஒரு சாரார் ஒப்புகின்றனர். மற்றொரு சாரார் மறுக்கின்றனர். பனைமரத்தைச் சார்ந்து நின்று பார்த்த பெண் ஒருத்தியோ, அவன் வென்றதைத் தன் கண்ணால் கண்டதாகச் சான்று பகர்கின்றாள்.

வெளியூரான் ஒருவன் களம் புகுந்து வென்றால் அவ்வெற்றி எவ்வூர்க் கணக்கில் சேரும்? ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துக் களம் ஒன்றில் எழுந்த இவ்வினா, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகப் பந்தயக் களங்களிலும் எழுந்தது. இன்று நாம் காணும் உலகப் பந்தயங்களில் கொடி உண்டு, நாட்டுப் பண் உண்டு, ஒவ்வொரு வீரர்க்கும் ஒரு நாட்டின் பெயர் உண்டு. இவ்வொழுங்கு தொடக்கத்திலேயே இருந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. முதல் ஐம்பது அறுபது ஆண்டுகள் பெருங்குழப்பத்திலேயே கழிந்தன. ஓட்டத்தின் நீளம் எவ்வளவு, காலணி வேண்டுமா வேண்டாவா, கூலி பெற்றவன் ஓடலாமா என்பன போன்ற வினாக்களுக்கு விடை காணாமலே பந்தயங்கள் நடந்தன. அவற்றுள் எல்லாம் கடுமையானது, ஓடுபவன் எவருடைய பெயரால் ஓடுகின்றான் என்னும் வினா.

பிழைப்பை நாடி எல்லை கடந்து வந்து ஆனேக்கல் வட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இவ்வினா புதியதன்று. எந்த ஊர் என்று எவரேனும் கேட்டால், இருக்கும் ஊரைச் சொல்வதா, பிறந்த ஊரைச் சொல்வதா என்று ஒரு கணம் தயங்காதவர் நம்மில் யார்? அத்தயக்கத்தோடு உலகப் பந்தயங்களின் தொடக்க கால வரலாற்றைப் படித்துப் பார்த்தல் பயனுடையதாகும்.

ஏதென்ஸ்: விடுப்பெடுத்து வந்த வீரர்கள்

பிரெஞ்சு நாட்டுப் பியர் தெ கூபர்த்தென் பெருமகனாரின் முயற்சியால் 1896 இல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. தொடக்க நாளைக் குறிப்பதிலேயே இரண்டு கணக்குகள் இருந்தன. கிரேக்கர் அன்று பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றி வந்தனர். பிற நாட்டார்க்கு ஏப்ரல் 6 ஆக இருந்த அந்நாள் கிரேக்கர்க்கு மார்ச் 25.

வந்திருந்த வீரர்களுள் பலரை எந்த நாடும் தேர்ந்து அனுப்பவில்லை. 800 மீட்டர், 1500 மீட்டர் ஆகிய இரண்டு ஓட்டங்களிலும் வென்ற எட்வின் பிளாக் மெல்பர்ன் நகரத்தார். இலண்டனில் கணக்காய்வுப் பணியில் இருந்தவர். விடுப்புப் பெற்று ஏதென்சுக்கு வந்தவர். ஆசுத்திரேலியாவின் முதல் ஒலிம்பிக் வெற்றியாளர் என்று இன்று அவரைப் போற்றுகின்றனர். ஆனால் ஆசுத்திரேலியா என்னும் ஒன்றுபட்ட நாடு 1901 இல்தான் அமைந்தது. நாடு பிறப்பதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே அந்நாட்டின் பெயரால் ஒருவர் வென்றுவிட்டார்!

அயர்லாந்தில் பிறந்த ஜான் பயஸ் போலண்டு ஆக்சுபோர்டில் பயின்ற மாணவர். பந்தயங்களைக் காணச் சென்ற அவர் டென்னிசு ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார். ஒற்றையர் ஆட்டத்தில் வென்றார். அவ்வாட்டத்தில் தம்மிடம் தோற்ற செருமானியராகிய பிரீட்ரிக்கு திரௌன் என்பாரையே துணையாகச் சேர்த்துக்கொண்டு இரட்டையர் ஆட்டத்திலும் வென்றார். அவ்வெற்றி அயர்லாந்துக்கா, பிரித்தானியாவுக்கா, செருமனிக்கா? பின்னாளில் ஏடு எழுதியவர்கள் 'கலப்பு அணி' என்று ஒரு தலைப்பைப் புதிதாகப் படைத்து அதன்கீழ் அதனை எழுதி வைத்தனர்.

கார்லோ ஐரோல்டி என்னும் இத்தாலியர் மிலான் நகரிலிருந்து பெரும்பகுதியும் நடந்தே ஏதென்சு வந்து சேர்ந்தார். முன்னர் ஓடிப் பரிசுப் பணம் பெற்றவர் என்ற காரணத்தால் அவரைக் களத்தில் விட மறுத்துவிட்டனர். உழைப்பவன் தன் உடல் வலிமையால் நாலு காசு ஈட்டினால் அது குற்றம்; செல்வர் வீட்டு மகன் பொழுதுபோக்காக ஓடினால் அது பெருமை. இந்த அளவுகோல் நெடுங்காலம் நீடித்தது.

பாரிசு: பொருட்காட்சியின் ஓரத்தில்

1900 இல் பாரிசில் நடந்தவை உலகப் பொருட்காட்சியின் ஓர் உறுப்பாகவே நடத்தப்பெற்றன. மே 14 இல் தொடங்கி அக்டோபர் 28 வரை ஐந்து மாதங்களுக்கு மேல் அவை இழுத்துக்கொண்டு போயின. அறிவிப்புகளில் ஒலிம்பிக் என்னும் சொல் அரிதாகவே காணப்பட்டது. ஓட்டங்கள் பூலோஞ்சுக் காட்டுப் பூங்காவின் புல்தரையில் நடந்தன. எறிந்த வட்டு மரங்களில் மோதியது. நீச்சற்போட்டி செய்ன் ஆற்றில் நடந்தது. உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவதும் ஒரு போட்டியாக இருந்தது.

கல்கத்தாவில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் ஆபட் அங்கே கோல்பு ஆட்டத்தில் முதலிடம் பெற்றார். தாம் ஆடியது ஒலிம்பிக் பந்தயம் என்பதை அவர் அறியவில்லை. 1955 இல் மறையும் வரை தாம் ஓர் ஒலிம்பிக் வெற்றியாளர் என்பது அவர்க்குத் தெரியாமலே போயிற்று. ஆலந்து நாட்டுப் படகோட்டிகள் இருவர், தங்கள் படகின் சுக்கான் பிடிப்பவர் எடை மிகுந்தவராக இருந்ததால், கரையில் நின்ற பிரெஞ்சுச் சிறுவன் ஒருவனை ஏற்றிக்கொண்டு இறுதிப் போட்டியில் வென்றனர். பின்னர் அச்சிறுவனோடு நின்று படமும் எடுத்துக்கொண்டனர். படம் இருக்கின்றது, பெயர் ஏட்டில் ஏறவில்லை. உலகப் பந்தயம் ஒன்றில் வென்ற அக்குழந்தை வரலாற்றில் 'பெயர் அறியாச் சிறுவன்' என்றே நிற்கின்றான்.

நம் நாட்டின் கணக்கும் அங்கேதான் தொடங்குகின்றது. கல்கத்தாவில் பிறந்து அந்நகரத்துத் தூய சேவியர் கல்லூரியில் பயின்ற நார்மன் பிரிச்சர்டு என்பவர் பாரிசில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடைதாண்டி ஓட்டத்திலும் இரண்டாம் இடம் பெற்றார். அவர் ஆங்கிலேய மரபினர். இந்தியா அன்று ஒரு தனி நாடாக வீரர்களை அனுப்பவில்லை. பின்னாளில் அவர் அமெரிக்கா சென்று நார்மன் டிரெவர் என்னும் பெயரில் ஊமைப் படங்களில் நடித்து 1929 இல் கலிபோர்னியாவில் மறைந்தார். உலக ஒலிம்பிக் குழு அவருடைய இரண்டு வெள்ளிப் பதக்கங்களையும் இந்தியாவின் கணக்கில் வைத்துள்ளது. உலகத் தடகள அமைப்போ அவரைப் பிரித்தானியர் என்று எழுதியுள்ளது. பிறந்த மண்ணைக் கொள்வதா, குருதியைக் கொள்வதா, அடையாளச் சீட்டைக் கொள்வதா என்பதில் இரண்டு பேரமைப்புகளும் இன்றுவரை உடன்படவில்லை.

செயின்ட் லூயிசு: காட்சிப் பொருளாக வந்தவர்கள்

1904 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசு நகரில் நடந்த மூன்றாம் பந்தயங்களும் ஒரு பொருட்காட்சியோடு பிணைக்கப்பட்டிருந்தன. தொலைவும் செலவும் அஞ்சி ஐரோப்பியர் பலர் வரவில்லை, கூபர்த்தெனே செல்லவில்லை. போட்டியிட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கர்.

அங்கு ஆகத்து 30 இல் நடந்த மாரத்தான் ஓட்டத்தைப் போன்றதொரு குழப்பம் வேறெங்கும் நடந்ததில்லை. 32 பேர் புறப்பட்டனர். 14 பேரே எல்லையைத் தொட்டனர். கடும் வெயில்; புழுதிச் சாலை; குடிநீர் கிடைத்த இடமும் அரிது. முதலில் வந்து சேர்ந்த பிரெட் லோர்சு வழியில் நெடுந்தொலைவு மோட்டார் வண்டியில் வந்தவர் என்பது வெளிப்பட்டு விலக்கப்பட்டார். வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட தாமசு இக்சு என்பவர்க்கு ஓட்டத்தின் இடையே எட்டிக்கொட்டையின் நஞ்சையும் பிராந்தியையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வந்தனர்.

அவ்வோட்டத்தில் ஒன்பதாவதாக வந்தவர் லென் தௌனியானே. பன்னிரண்டாவதாக வந்தவர் யான் மாசியானி. இருவரும் தென்னாப்பிரிக்காவின் கறுப்பின மக்கள். ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் ஆப்பிரிக்கக் கறுப்பர்கள். அவர்கள் ஓடுவதற்காக அமெரிக்கா செல்லவில்லை. போயர்ப் போரை நடித்துக் காட்டும் காட்சிக்காகப் பொருட்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அதே பொருட்காட்சியில் ஆகத்து 12, 13 ஆகிய நாள்களில் பல இனத்து மக்களை ஓடவும் எறியவும் விட்டு, 'மானிடவியல் நாள்கள்' என்று பெயரிட்டு வேடிக்கை பார்த்தனர். காட்சிப் பொருளாகக் கொண்டுசெல்லப்பட்டவன் களத்தில் இறங்கி, தானும் ஓட வல்லவன் என்று காட்டினான் என்பதே அப்பந்தயத்தில் நாம் நினைவில் நிறுத்தத் தக்க செய்தி. கூலிக்காக அயல்நாடு சென்ற எளியோரின் வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

கொடிக்கம்பத்தில் ஏறியவர்

இதன்பின் பந்தயங்களுக்கு ஒழுங்கு வந்தது. ஆனால் ஒழுங்கு வந்தபோதே புதிய வருத்தமும் வந்தது. தனி ஒருவர் தாமே வந்து சேர்ந்துகொள்ளும் முறை நீங்கி, நாட்டுக் குழுக்களின் வழியாகவே பெயர் கொடுக்க வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. அப்படியானால் நாடு இல்லாதவன் என் செய்வான்?

1906 இல் ஏதென்சில் நடந்த இடைக்காலப் பந்தயங்களில் நீளம் தாண்டலில் இரண்டாம் இடம் பெற்ற பீட்டர் ஓகானர் அயர்லாந்துக்காரர். பிரித்தானியக் கொடி ஏற்றப்பட்டதைப் பொறாத அவர், கொடிக்கம்பத்தில் தாமே ஏறி அயர்லாந்தின் பச்சைக் கொடியை விரித்து அசைத்தார். 1908 இல் இலண்டனில் பின்லாந்து வீரர்கள் உருசியப் பேரரசின் கொடியை ஏந்த மறுத்துக் கொடியே இல்லாமல் அணிவகுத்துச் சென்றனர். 1912 இல் ஆன்னசு கோலேமைனன் ஸ்டாக்கோமில் பின்லாந்துக்காக ஓடி வென்றபோதும் ஏற்றப்பட்டது உருசியக் கொடியே.

அதே இலண்டன் பந்தயங்களில்தான் மாரத்தான் ஓட்டத்தின் நீளம், விண்ட்சர் அரண்மனையிலிருந்து அரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்த இடம் வரை அளக்கப்பட்டு, 42.195 கிலோமீட்டர் ஆயிற்று. 1921 இல் அதுவே நிலையான அளவாக ஏற்கப்பட்டது. கயிறிழுக்கும் போட்டியில் லிவர்பூல் காவலர்கள் கனத்த பூட்சு அணிந்து வந்ததை அமெரிக்கர் எதிர்த்து முறையிட்டனர், முறையீடு எடுபடவில்லை. காலணியைப் பற்றிய இவ்வழக்கு, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நம்மவர் கால்களையும் வந்து தொட்டது.

பேரரசின் பெயரால் ஆறு பேர்

இந்தியா என்னும் பெயரோடு ஓர் அணி முதன்முதலாகச் சென்றது 1920 இல், பெல்சிய நாட்டு ஆண்ட்வெர்ப்பு நகருக்கு. புனேயின் தக்காண ஜிம்கானா நடத்திய போட்டிகளில் நாட்டுப்புறத்து இளைஞர்கள் வெறுங்காலோடு ஓடிய விரைவைக் கண்டு வியந்த சர் தோராப்ஜி டாடா அம்முயற்சிக்கு முதல்வராக நின்றார். ஓட்டக்காரர் நால்வர், மற்போர் வீரர் இருவர் என ஆறு பேர் சென்றனர். அவர்களுள் பெல்காமைச் சேர்ந்த படேப்பா சௌகுலே மாரத்தான் ஓட்டத்தில் 19 ஆம் இடம் பெற்றார். அவர் ஓடிய காலத்தில் பெல்காம் பம்பாய் மாகாணத்தில் இருந்தது. 1956 முதல் நாம் வாழும் இம்மாநிலத்தில் இருக்கின்றது. ஓடியவர் மாறவில்லை, ஊரும் இடம் பெயரவில்லை, எல்லைக்கோடு மட்டும் நகர்ந்தது.

அதே 1920 இல் சென்னையில் ஆரி குரோ பக்கு என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இந்திய நாடெங்கும் உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கிய பெருமை அக்கல்லூரிக்கு உண்டு. 1924 இல் தில்லியில் அனைத்திந்தியப் போட்டி நடத்தித் தேர்ந்த அணியைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றவரும் பக்கு அவர்களே. அவ்வணியில் 110 மீட்டர் தடைதாண்டி ஓட்டத்துக்குச் சென்ற சி. கே. இலட்சுமணன் கண்ணூரில் பிறந்தவர். கண்ணூர் அன்று சென்னை மாகாணம், இன்று கேரளம். இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927 இல் தோன்றியது.

ஆக்கி ஆட்டத்தில் 1928 முதல் தொடர்ந்து பெற்ற வெற்றிகளை நாம் அறிவோம். 1936 ஆகத்து 15 அன்று பெர்லினில் செருமனியை எதிர்த்து இறுதி ஆட்டம் ஆடுவதற்கு முன், உடை மாற்றும் அறையில் நம் வீரர்கள் மூவண்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களம் இறங்கினர். களத்தில் அவர்கள் ஏந்த வேண்டியிருந்த கொடி வேறு. நெஞ்சில் ஏந்தியது வேறு. சரியாகப் பதினோராண்டு கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெற்றது.

பெங்களூரின் வெறுங்கால்கள்

இனி நாம் வாழும் இப்பகுதிக்கு வருவோம். பெங்களூர்த் தண்டு 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்த படைவீடு. சென்னை மாகாணத்துப் படைகளோடும், படைகளுக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர் பலர் அங்கே வந்து குடியேறினர். அல்சூர், மர்பி டவுன், ஆசுடின் டவுன் ஆகிய பகுதிகள் தமிழ் ஒலிக்கும் பகுதிகளாயின. படைவீரர் ஆடிய கால்பந்தை அப்பகுதிகளின் பிள்ளைகளும் பற்றிக்கொண்டனர். பூட்சு வாங்க வழியில்லை, வெறுங்காலே பூட்சாயிற்று. இன்றும் அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில் பிரேசில் நாட்டு வீரர் பெலேக்குச் சிலை இருப்பதைக் காணலாம்.

1947 வரை தண்டு ஆங்கிலேயரின் நேராட்சியில் இருந்தது. நகரமோ மைசூர் அரசரின் ஆட்சியில் இருந்தது. இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949 இல்தான். ஒரே ஊரின் ஒரு தெருவில் பிறந்தவன் ஆங்கிலேயரின் குடி. அடுத்த தெருவில் பிறந்தவன் அரசரின் குடி. ஆயினும் பந்தைத் துரத்தும்போது எல்லாரும் மைசூர் அணி. அவ்வணி 1946-47 ஆம் ஆண்டுச் சந்தோசு கோப்பை ஆட்டத்தில் பெங்களூரிலேயே வங்காளத்தை வென்றது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பந்தயம் 1948 இல் இலண்டனில் நடந்தது. கால்பந்து அணியின் தலைவர் நாகர் இனத்து மருத்துவர் தாலிமெரன் ஆவ். மைசூர்ப் பகுதியிலிருந்து சாரங்கபாணி ராமன், அகமது கான், தன்ராஜ், வஜ்ரவேலு, பசீர் முதலியோர் அணியில் இடம்பெற்றனர். சூலை 31 அன்று இலண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சை எதிர்த்து நம்மவர் ஆடினர். பலர் வெறுங்காலோடும், சிலர் காலில் துணிக்கட்டோடும் ஆடினர். பிரான்சு முதலில் ஒரு கோல் போட்டது. இரண்டாம் பாதியில் ராமன் போட்ட கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. ஆட்டம் முடியும் நேரத்தில் பிரான்சு மற்றொரு கோல் போட்டு 2-1 என்று வென்றது.

தோல்விதான். ஆயினும் அந்த ஒரு கோல் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல். சாரங்கபாணி என்பது கும்பகோணத்துப் பெருமாளின் திருப்பெயர்; அப்பெயர் தாங்கியவர் ஆடி வளர்ந்தது மைசூர் அணியில்; கோல் சேர்ந்தது இந்தியாவின் கணக்கில். இம்மூன்றனுள் எதை விடுத்து எதைக் கொள்வது? மூன்றையும் ஒருங்கே கொள்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

பெங்களூரில் பயிற்சி பெற்ற ஆரி ரெபெல்லோ அதே இலண்டனில் மும்முறைத் தாண்டலின் இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தார். அகவை இருபதைத் தொடாத இளைஞர்; பதக்கம் பெறுவார் என்று பலரும் எதிர்பார்த்தனர். முதல் தாண்டலிலேயே தொடைத் தசை கிழிந்து விழுந்தார். பதக்கம் சுவீடனுக்குப் போயிற்று. அவர் பெயரை இன்று அறிந்தோர் சிலரே.

1950 இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெற்றதும் ஆடிப் பெற்ற தகுதியன்று. அதே பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்சு ஆகிய நாடுகள் விலகியமையால் கிடைத்தது. நம் கால்பந்துக் கூட்டமைப்பும் இறுதியில் அணியை அனுப்பவில்லை. வெறுங்காலோடு ஆட இசைவு கிடைக்காததே காரணம் என்று ஊரெங்கும் ஒரு கதை வழங்குகின்றது. கப்பற்பயணத்தின் நீளம், செலவு, பயிற்சிக்குப் போதிய காலமின்மை, உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கையே பெரிதென்று கருதிய மனப்பான்மை ஆகியவற்றை ஒருங்கே நோக்கினால், காலணி ஒன்றின்மேல் மட்டும் பழி போடுவது பொருந்தாது. அவ்வாண்டு வேறு பல நாடுகளும் விலகின. 13 அணிகளே ஆடின. ஒரு பிரிவில் உருகுவே, பொலிவியா என இரண்டே அணிகள் இருந்தன.

1952 இல் எல்சிங்கியில் யூகோசுலாவியா நம்மை 10-1 என்று வென்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் பெங்களூர் அகமது கான். அத்தோல்விக்குப் பின்னரே நம் நாட்டில் பூட்சு கட்டாயமாக்கப்பட்டது. வறுமை தந்த ஆட்டமுறை ஒன்று, உலக விதியின் முன் நிற்க மாட்டாமல் மறைந்தது.

ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

ஆசியப் பந்தயங்களின் தொடக்கமும் இத்தகையதே. 1950 இல் நடத்துவதாகத் திட்டமிட்ட முதல் பந்தயங்கள் ஏற்பாடுகள் முடியாமையால் தள்ளிப்போய், 1951 மார்ச் 4 முதல் 11 வரை தில்லியில் நடந்தன. 11 நாடுகள் கலந்துகொண்டன. கால்பந்தின் இறுதி ஆட்டத்தில் மேவாலால் போட்ட கோலால் இந்தியா ஈரானை வென்றது.

தமிழர் மறக்கக் கூடாத ஆண்டு 1958. அவ்வாண்டு மே 24 முதல் சூன் 1 வரை டோக்கியோவில் மூன்றாம் ஆசியப் பந்தயங்கள் நடைபெற்றன. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்று 1952, 1956 ஒலிம்பிக் பந்தயங்களிலும் கலந்துகொண்ட நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், உயரம் தாண்டலில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். ஆசியப் பந்தயங்களில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அது. அதே நாள்களில்தான் இலங்கையில் தமிழர்க்கு எதிரான 1958 ஆம் ஆண்டுக் கலவரம் மூண்டது. மே 27 அன்று அவசர நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு தமிழன் நாட்டின் பெயரை உயரத்தில் எழுதிய அதே வாரத்தில் அவன் இனத்தார் அந்நாட்டின் வீதிகளில் உயிர்க்கு அஞ்சி ஓடினர். பின்னாளில் அமெரிக்காவில் வாழ்ந்து 2024 இல் அவர் மறைந்தார். அவர் பெற்ற தங்கம் இலங்கையின் கணக்கிலேயே உள்ளது. அங்கேயே இருக்கட்டும், அது அந்நாட்டுக்கு ஒரு தமிழன் அளித்த கொடை என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

1962 இல் சகார்த்தாவில் இசுரேல், தைவான் வீரர்கள் வருவதற்கு இந்தோனேசிய அரசு இசைவு தர மறுத்தது. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் ஆசியப் பந்தயங்களின் தந்தை எனத் தக்க இந்தியர் ஜி. டி. சோந்தி. அதனால் மூண்ட சினம் இந்தியர்மேல் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4 அன்று கால்பந்து இறுதி ஆட்டத்தில் அரங்கு நிறைந்த கூட்டம் நம்மவரை இகழ்ந்து கூச்சலிட்டது. அக்கூச்சலிடையே இந்தியா தென்கொரியாவை 2-1 என்று வென்றது. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராசு. முன்னணியில் ஆடியவர்களுள் ஒருவர், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த துளசிதாசு பலராம். பிழைப்புக்காகத் தெலுங்கு நாட்டில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை, வங்காளத்து மன்றத்தில் ஆடிப் புகழ்பெற்று, இந்தோனேசிய மண்ணில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளைகள் எவர் கணக்கில் என்று கேட்போர்க்கு இதனினும் நல்ல விடை வேண்டுமோ?

நாம் செய்யத் தக்கது

ஆனேக்கல் ஓர் எல்லை வட்டம். அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். அவ்வெல்லையின் இருபுறமும் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. பொம்மசந்திரம், சிகணி, சந்தாபுரம் ஆகிய இடங்களின் ஆலைகளை நம்பி வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளிகளில் படிக்கின்றனர். கன்னடப் பிள்ளைகளோடு கபடி ஆடுகின்றனர். பள்ளியின் பெயரால், வட்டத்தின் பெயரால், கருநாடகத்தின் பெயரால் ஓடுகின்றனர். அவர்கள் வெல்லும்போது, இவ்வெற்றி நமதா அவர்களதா என்று பெரியவர்கள் பிரித்துப் பேசுவது பிள்ளைகளின் காதில் விழலாகாது. சோறிட்ட மண்ணுக்காக ஓடுவது தாய்மொழியை மறப்பதாகாது. தாய்மொழியை வீட்டில் பேசுவது இம்மண்ணுக்கு இரண்டகமும் ஆகாது.

வரலாறு நமக்குக் காட்டும் மற்றொன்றும் உண்டு. குழப்பம் மிகுந்த காலத்தில் வென்றவர்களுள் எழுதப்பட்டவர் நின்றனர், எழுதப்படாதவர் மறைந்தனர். பாரிசுச் சிறுவனின் படம் இருந்தும் பெயர் இல்லை. மார்கரெட் ஆபட் வென்றும் தம் வெற்றியைத் தாமே அறியவில்லை. ஆமூர் மல்லனுக்கும் ஊர்ப்பெயர்தான் உண்டு; தன் பெயர் இல்லை. தண்டுப் பகுதித் திடல்களில் வெறுங்காலோடு ஆடிய நம் முன்னோர் எத்தனை பேர்! அவர்களுள் அணியில் இடம்பெற்ற சிலரின் பெயர்களே அச்சில் ஏறின. மற்றவர்களை அறிந்த முதியவர்கள் இன்று நம் வீடுகளிலேயே திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்.

ஆதலின் இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யலாம். வீட்டுப் பெரியவர் எந்தத் திடலில் ஆடினார், எந்த ஆண்டில் ஆடினார், உடன் ஆடியவர் யார், பழைய குழுப்படத்தில் நிற்பவர் எவர் எவர் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கலாம். படத்தின் பின்புறத்தில் பெயர்களைக் குறிக்கலாம். இன்று ஆடும் பிள்ளைகளின் சான்றிதழ்களைத் தேதியோடு அடுக்கி வைக்கலாம். பெண்மக்களின் ஆட்டத்தையும் விடாது எழுத வேண்டும். அவற்றைத் தொகுத்து ஆண்டுதோறும் மலரில் வெளியிடுவது சங்கத்தின் கடன். தமிழில் எழுதுவதோடு அமையாமல் கன்னடத்திலும் எழுதி இவ்வூர் நூலகத்தில் ஒரு படி வைத்தல் நன்று. நம் அண்டை வீட்டாரும் அதனைப் படித்து, தம் ஊர்ப் பிள்ளைகள் என்று மகிழ உரிமையுடையவர்.

வென்றான் என்று ஒரு சாராரும் வெல்லவில்லை என்று ஒரு சாராரும் வழக்காடிய அன்று, கண்டதைக் கண்டவாறு சொல்ல ஒருத்தி இருந்தாள். அவள் சொல்லை நக்கண்ணையார் பாட்டாக்கினார். ஏடு அதனைக் காத்தது. அதனால்தான் கிள்ளியின் வெற்றி இன்று நம் கையில் இருக்கின்றது. நம் பிள்ளைகளின் வெற்றிக்கும் அத்தகைய சான்று வேண்டும். அதனை எழுத வேண்டியவர் நாமே.